சராசரி மலை

வாகரைக் கரையில் ஏறியபோது அதற்கொரு பெயர் இருந்தது.
வானொலி அரைமணிக்கொரு தரம் அதைச் சொன்னது.
மீராசாகிபு தோணியைத் தென்னையில் கட்டினார்,
பிறகு தென்னையை எதில் கட்டுவதென்று பார்த்தார்.
கடல் உள்ளே வந்த தூரத்தை
நாடா பிடித்து அளந்தேன்:
பள்ளிவாசலின் இரண்டாம் படிவரை மணல்.

மாலை ஆறு மணிக்குப் பெயரை எடுத்துவிட்டார்கள்.
வலுவிழந்தது என்றது அறிக்கை.
நானும் அப்படித்தான் குறித்துக்கொண்டேன்.
நிலத்தில் உரசிக் காற்று தேய்ந்தது உண்மை.
கண் மூடிக்கொண்டதும் உண்மை.
சுமந்து வந்த தண்ணீரை மட்டும்
அது இன்னும் எங்கும் இறக்கி வைத்திருக்கவில்லை.

பசறைக்கு மேலே, பழையகாட்டுத் தொங்கல்.
ஏழாம் நம்பர் மலைக்கும் லயத்துக்கும் நடுவே
நான் நட்ட மழைமானி, சூரியத் தகடு, சிம் அட்டை.
இரவு பதினொன்று நாற்பதுக்குக் கடைசி எண்ணை அனுப்பியது.
அதற்குப் பிறகு பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
மழை விட்டுவிட்டதென்று
மட்டக்களப்பு விடுதியில் விளக்கை அணைத்தேன்.

மலை குறுக்கே நின்றால் காற்றுக்கு இரண்டே வழி:
சுற்றிப் போகலாம், ஏறிப் போகலாம்.
ஏறினால் குளிரும்; குளிர்ந்தால்
சுமையைப் போட்டாக வேண்டும்.
நான் இதை மூன்று சமன்பாடுகளாகப் படித்தவள்.
"கூடையோட ஏறிப் பாருங்க மிஸ்,
மேல போகப் போகத்தானே பாரம் தெரியும்"
என்றாள் கமலவேணி.
காய்ந்த சேற்றைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்
இஸ்தோப்பில்.

அன்றிரவு அவளை எழுப்பியது சத்தமல்ல.
பீலியில் தண்ணீர் கலங்கி வந்தது;
கொஞ்ச நேரத்தில் நின்றே போனது.
இவ்வளவு மழையில் பீலி நிற்பதாவது?
உள்ளே மலை எதையோ விழுங்குகிறது.
பதினாறு காம்பராக்களையும் தட்டி
ஆட்களைப் பிரட்டுக்களத்துக்கு ஏற்றினாள்.
ஏற்றிவிட்டு,
இதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது,
துரை காலத்துச் செம்பு மழைமானியிடம்
டோர்ச்சோடு திரும்பி வந்தாள்.
நிறைந்ததை ஊற்றினாள்.
மறுபடி நிறைந்ததை ஊற்றினாள்.
கொழுந்துத் துண்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதினாள்:
ரெண்டு நெற, நாலு விரக்கட.
விடிய முன் லயத்தின் கீழ்க்கோடி
ஆற்றுக்குள் இருந்தது. ஆட்கள் மேலே இருந்தார்கள்.

மடிக்கணினியைத் திறந்து வரைபடம் காட்டினேன்.
"இதுல நம்ம மலை எது?"
ஒரு கட்டத்தைத் தொட்டேன்.
இருபத்தைந்து கிலோமீட்டர் சதுரம்.
நமுனுகுலை உச்சி, பசறைப் பள்ளம், பதுளைக் கடைத்தெரு
எல்லாம் கூட்டி வகுத்து
எழுநூற்று அறுபது மீட்டரில் ஒரு சாய்வு.
காற்று அதில் வழுக்கிக்கொண்டு போய்விடும்.
"அப்ப லயம்?"
இல்லை.
"பள்ளம்?"
அதுவும் இல்லை.
"அப்பிடி இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்"
என்று தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

கட்டுரை திரும்பி வந்தது.
அளவீட்டின் நம்பகத்தன்மை எவ்வாறு உறுதிசெய்யப்பட்டது?
கருவி யாது? பிழை அளவு யாது?
கருவிக்கு நேரே: செம்பு மழைமானி, ஒரு ஆள்.
பிழைக்கு நேரே எழுத ஒன்றுமில்லாமல்
அவளுக்குக் கோல் எடுத்தேன்.
பின்னால் கூரைத் தகடு அடிக்கும் சத்தம்.
கொஞ்சம் யோசித்தாள்.
"ரெண்டாவது தரம் ஊத்தறப்ப கை நடுங்கி
சிந்திருச்சு மிஸ். அதையும் எழுதிக்குங்க."
எவ்வளவு?
"ஒரு மொடக்கு இருக்கும்."

கூட்டல் கழித்தல் ஒரு மிடறு என்று எழுதினேன்.
சிந்தியது குறைவுதானே,
மழை அதைவிடக் கூடத்தான் இருந்திருக்கும்.
கழித்தல் குறியை அழித்தேன்.